ஆஸ்பிரினைவிட 30 மடங்கு: கஞ்சாவும் வலி மாத்திரையும்

தஞ்சாவூரில் இருக்கும் என் சித்திக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மாடிப்படி ஏறி நான்கு வருடம் ஆகிறது. சென்ற தை மாதம் போயிருந்தபோது, பூஜை அலமாரியில் விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினார். பழுப்பு நிறம், சொட்டு விடும் குழாய் வைத்த மூடி, சீல் இன்னும் உடைபடவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் இணையத்தில் வரவழைத்துக் கொடுத்தது. லேபிளில் ‘விஜயா’ என்று போட்டிருந்தது. ஆயுர்வேதத்தில் கஞ்சாவுக்கு அந்தப் பெயர் உண்டு. கூடவே அவன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியையும் அனுப்பியிருந்தான். கஞ்சாவில் இருக்கும் ஒரு பொருள் ஆஸ்பிரினைவிட 30 மடங்கு வலியைப் போக்கும், கனடாவில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றது அந்தச் செய்தி.

“ஏண்டா, இதைப் போட்டுக்கிட்டா டோலோவை நிறுத்திடலாமா?” என்று கேட்டார் சித்தி.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. “கொஞ்சம் பொறுங்க சித்தி, படிச்சுட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு பல வாரம் படித்ததில் கிடைத்தது இந்தக் கட்டுரை. வலியோடு எழுந்து வலியோடு படுக்கும் ஒருவர் இப்படிக் கேட்கும்போது ‘கஞ்சாவா, ஐயோ’ என்று பதறுவதும் தவறு, ‘இயற்கை மருந்துதானே’ என்று தலையாட்டுவதும் தவறு என்பது படிக்கப் படிக்க உறுதியானது.

முதலில் அந்த 30. அது பிறந்த இடத்தைத் தேடினால் 1980-களின் லண்டனில் போய் நிற்போம். மர்லின் பாரெட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1985, 1986-இல் கஞ்சாச் செடியிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்து அவற்றுக்குக் கேன்ஃபிளேவின் ஏ, கேன்ஃபிளேவின் பி என்று பெயர் வைத்தார்கள். மஞ்சள் நிற ஃபிளேவோன் வகையைச் சேர்ந்தவை இவை. போதை தருவதும் இல்லை. முடக்குவாதம் வந்தவர்களின் மூட்டு உள்சவ்விலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரப்பதை இந்தக் கேன்ஃபிளேவின் எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்தார்கள். ஆஸ்பிரின் தேவைப்பட்ட அளவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு கேன்ஃபிளேவின் ஏ அதே வேலையைச் செய்தது. 30 என்ற எண் அவ்வளவுதான் சொல்கிறது.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் இந்தக் கதைக்குள் வந்தது 2019-இல். தாரிக் அக்தர், ஸ்டீவன் ராத்ஸ்டைன் குழுவினர், செடி எந்தெந்த ஜீன்களைக் கொண்டு இந்தக் கேன்ஃபிளேவின்களைத் தயாரிக்கிறது என்பதைக் கண்டறிந்தார்கள். அருமையான தாவர வேதியியல் வேலை. ஆனால் வலி உள்ள எந்த மனிதருக்கும் அவர்கள் எதையும் கொடுக்கவில்லை. பழைய லண்டன் ஆய்வின் 30 மடங்கை அறிமுகமாகச் சொன்னார்கள். செய்தித் தலைப்புகள் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு உலகம் சுற்றின. அதே விஞ்ஞானிகள் சொன்ன இன்னொன்று தலைப்புக்கு வரவே இல்லை. செடியில் இந்தப் பொருள் மிக மிகச் சொற்பம், செடியை வளர்த்து எடுப்பது கட்டுப்படியாகாது, ஆகவே செடிக்கு வெளியே தயாரிக்க வழி தேட வேண்டும் என்பது அது. அதாவது, சித்தியின் குப்பியில் இருக்கும் எண்ணெயில் அந்த ‘30 மடங்கு’ப் பொருள் வலிக்கு உதவும் அளவில் இருக்க வாய்ப்பே இல்லை.

சரி, இருந்தால்தான் என்ன? 30 மடங்கு வலி நீங்குமா? சாக்கரின் சர்க்கரையைவிடச் சுமார் 300 மடங்கு இனிப்பு. அதைப் போட்ட காபி 300 மடங்கு தித்திப்பதில்லை. ஒரு கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் ஒரு பொட்டு போதும் என்பதே அதன் பொருள். மருந்துக் கடையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஐபுபுரோஃபன் மாத்திரை 400 மில்லிகிராம், டைக்ளோஃபெனாக் மாத்திரை 50 மில்லிகிராம். எடைக்கு எடை பார்த்தால் டைக்ளோஃபெனாக் எட்டு மடங்கு வலுவானது. பல் பிடுங்கிய வலிக்கு இரண்டில் எதைப் போட்டாலும் கிடைக்கும் சுகம் கிட்டத்தட்ட ஒன்றே. சிறிய அளவில் வேலை செய்வது ஒரு குணம். வலியை எவ்வளவு தூரம் இறக்க முடியும் என்பது வேறு குணம். மாத்திரை விழுங்குகிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

கண்ணாடித் தட்டுக்கும் உடம்புக்கும் இடையில் குடலும் கல்லீரலும் வேறு இருக்கின்றன. கீரையிலும் தேயிலையிலும் வெங்காயத்திலும் இருக்கும், கேன்ஃபிளேவினின் குடும்பமான ஃபிளேவனாய்டுப் பொருள்கள் பலவற்றைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. தட்டில் சிங்கமாக இருந்த எத்தனையோ மூலிகைப் பொருள்கள் இந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டாமல் நின்றுபோயிருக்கின்றன. கேன்ஃபிளேவினும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் வரை ஆஸ்பிரினோடு அதை ஒப்பிட இடமில்லை என்கிறேன்.

ஆஸ்பிரினும் ஒரு நாளில் இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதை 1899-இல் விற்கத் தொடங்கியது. அது எப்படி வலியைக் குறைக்கிறது என்பதை லண்டனில் ஜான் வேன் 1971-இல் விளக்கினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அரிவாள்மணையில் விரல் வெட்டுப்பட்டதும் அந்த இடத்தில் திசுக்கள் புரோஸ்டாகிளாண்டின்களைச் சுரக்கின்றன. அவை அங்குள்ள நரம்பு முனைகளைக் கூர் தீட்டிவிடுகின்றன. அதன்பிறகு புளித்தண்ணீர் பட்டாலும் எரிகிறது, துணி உரசினாலும் வலிக்கிறது. ஆஸ்பிரின், பின்னால் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழு கண்டுபிடித்த ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைத் தடுக்கின்றன. வேலை நடப்பது பெரும்பாலும் காயம்பட்ட இடத்தில்.

கஞ்சாவின் வழி வேறு. போதை தரும் டிஎச்சியை இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் ரஃபேல் மெகூலமும் யெகியேல் கயோனியும் 1964-இல் பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள். ஆய்வுக்கு வேண்டிய கஞ்சாப் பிசினைப் போலீஸிடமிருந்து வாங்கி, பையில் போட்டு, பேருந்தில் கொண்டுவந்ததாக மெகூலம் சொல்லியிருக்கிறார். டிஎச்சி போய் உட்காரும் இருக்கை ஒன்று மூளை நரம்புகளில் இருப்பதை 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட் குழு காட்டியது. செடியிலிருந்து வரும் ஒன்றுக்கு மூளை ஏன் இருக்கை போட்டு வைத்திருக்க வேண்டும்? உடம்பே அதுபோன்ற ஒன்றைச் சுரக்க வேண்டும் அல்லவா? மெகூலம் ஆய்வகம் 1992-இல் அதையும் கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற சொல்லிலிருந்து ‘ஆனந்தமைடு’ என்று பெயர் சூட்டியது. இந்தச் சுரப்புகள் நரம்பில் செய்தி போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கிப் பாய்ந்து, பேசிக்கொண்டிருக்கும் நரம்பைச் சற்று அடக்குகின்றன. ஆகவே கஞ்சா வேலை செய்வது அதிகமும் தண்டுவடத்திலும் மூளையிலும்.

இந்த இரண்டு வழிகளும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. நாம் காய்ச்சலுக்குப் போடும், டோலோவில் இருக்கும் பாராசிட்டமால்தான் அது. நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த மருந்து என்றாலும், அது வலியை எப்படிக் குறைக்கிறது என்பது வெகுகாலம் விளங்கவில்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஹேகெஸ்டாட், சிக்மண்ட் குழு 2005-இல் ஒன்றைக் காட்டியது. பாராசிட்டமாலின் ஒரு பகுதி கல்லீரலில் உடைந்து மூளைக்குப் போகிறது. அங்கே ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து ஏஎம்404 என்ற புதுப்பொருளாகிறது. இந்த ஏஎம்404, ஆனந்தமைடு சீக்கிரம் மறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளக் கூடியது. எலிகளில் கஞ்சா இருக்கைகளை மருந்து கொடுத்து மறைத்துவிட்டால் பாராசிட்டமாலின் வலிநீக்கும் வேலையும் நின்றுபோவதைப் பிறகு வந்த ஆய்வுகள் கண்டன. மனிதரிடம் இது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. என்றாலும், சித்தியின் அலமாரியில் இருக்கும் டோலோவும் அந்தக் குப்பியும் மூளையில் ஒரே தெருவில் குடியிருக்கலாம் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இனி நேருக்கு நேர் ஒப்பீடு. கஞ்சா ஆய்வுகளில் பெரும்பாலானவை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடுதான் ஒப்பிடுகின்றன. வலி மாத்திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவை சிலவே. அந்தச் சிலவற்றில் கஞ்சா வகை மருந்துகள் தோற்றிருக்கின்றன.

வலி மருந்தைச் சோதிக்க உலகம் முழுவதும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைவாயில் முளைக்கும் ஞானப்பல்லைப் பிடுங்குவது. ஆள் இளம் வயது, வேறு நோய் இல்லை, மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணிந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி விண்விண்ணென்று தெறிக்கும் வலி. அந்த நேரத்தில் மாத்திரை கொடுத்து, மணிக்கு ஒருதரம் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். 2011-இல் வெளியான ஒரு சோதனையில், கஞ்சா இருக்கைகளில் இரண்டாம் வகையைத் தூண்டும் செயற்கை மருந்தும் ஐபுபுரோஃபனும் வெற்று மாத்திரையும் போட்டியிட்டன. ஐபுபுரோஃபன் வலியைத் தெளிவாகக் குறைத்தது, புது மருந்து வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. உடம்பின் சொந்த ஆனந்தமைடைக் கூட்டும் இன்னொரு மருந்தை முழங்கால் தேய்மானத்துக்கு 2012-இல் சோதித்தார்கள். பக்கத்தில் நேப்ராக்ஸன், அமெரிக்காவில் சீட்டில்லாமல் கிடைக்கும் சாதாரண மாத்திரை. நேப்ராக்ஸன் வேலை செய்தது, புது மருந்து செய்யவில்லை. சித்திக்கு இருப்பது இதே முழங்கால் தேய்மானம் என்பதால் இந்த ஆய்வை இரண்டு முறை படித்தேன். கனடாவில் 2006-இல், அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு நேபிலோன் என்ற டிஎச்சி வகை மருந்தைக் கீட்டோபுரோஃபனோடு ஒப்பிட்டார்கள். அதிக அளவு நேபிலோன் எடுத்தவர்கள் தங்களுக்கு வலி கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள்.

சாதாரண மாத்திரைகளின் பலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையால் கிடைத்திருக்காத பாதி நிவாரணம் ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு. எண் சிறிதாக இருந்தால் மருந்து நல்லது. அறுவைக்குப் பிந்தைய வலியில் ஐபுபுரோஃபன் 400 மில்லிகிராமுக்கு 2.5, பாராசிட்டமால் 1,000 மில்லிகிராமுக்கு 3.6, ஆஸ்பிரின் 600-க்கு நாலுக்குச் சற்று மேல். ஐபுபுரோஃபன் 200-உம் பாராசிட்டமால் 500-உம் சேர்ந்தால் 1.6. திடீர் வலியில், அடிபட்டதற்கும் பல்லுக்கும் மாதவிடாய்க்கும், மருந்துக் கடை மாத்திரைதான் முந்துகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வலி ஒரு வகை அல்ல. நம் ஊர்ப் பெண்கள் டாக்டரிடம் ‘வலி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. கடுப்பு என்பார்கள், குடைச்சல் என்பார்கள், உளைச்சல், குத்தல், இழுப்பு, எரிச்சல், மதமதப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பார்கள். இந்தச் சொற்களில் வைத்தியமே அடங்கியிருக்கிறது. வீங்கிய மூட்டின் கடுப்பு புரோஸ்டாகிளாண்டின் வலி, மாத்திரைக்குப் படியும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ராத்திரி முழுவதும் இருக்கும் எரிச்சலும், அக்கி ஆறிய பிறகும் விலாவில் விடாமல் குத்தும் குத்தலும் நரம்பே கெட்டுப்போனதால் வருபவை. அங்கே புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரிய வேலை இல்லை, அதைத் தடுக்கும் மாத்திரைக்கும் வேலை இல்லை. அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற வேறு மருந்துகளை டாக்டர்கள் எழுதுவது அதனால்தான். அவையும் எல்லோருக்கும் கேட்பதில்லை.

கஞ்சாவின் நியாயமான இடம் இருக்குமென்றால் இந்த நரம்பு வலியில்தான். காக்ரேன் அமைப்பு 2018-இல், சுமார் 1,750 பேர் கலந்துகொண்ட 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கஞ்சா வகை மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு வலி பாதியாகக் குறைந்தது. வெற்று மருந்தில் நூற்றுக்கு 17 பேருக்கு. மேலே சொன்ன கணக்கில் இது 20 என்கிறது அந்தத் தொகுப்பு. ஐபுபுரோஃபனின் 2.5-ஐ இந்த 20-க்குப் பக்கத்தில் வைத்துச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை. ஒன்று நாலு மணி நேரப் பல் வலி, மற்றது வருடக்கணக்கில் எதற்கும் அடங்காத நரம்பு வலி. அப்படிக் கூடுதலாகப் பலன் பெற்ற சிலருக்கு அது தூக்கம் வந்த முதல் ராத்திரியாக இருந்திருக்கும்.

இதே அளவுகோலைச் சாதாரண மாத்திரைகளுக்கும் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இடுப்பு பிடித்துக்கொண்ட 1,600-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பாராசிட்டமாலும் வெற்று மாத்திரையும் கொடுத்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக 17 நாள், வெற்று மாத்திரைக்காரர்கள் 16 நாள். முழங்கால் தேய்மானத்திலும் பாராசிட்டமாலின் பலன் மிகச் சொற்பம் என்று அடுத்தடுத்த தொகுப்புகள் சொல்கின்றன. சித்தி வருடக்கணக்கில் விழுங்கிவரும் டோலோ அவருக்கு அதிகம் செய்யவில்லை என்பதே உண்மை. அதனால்தான் குப்பி வீட்டுக்குள் வந்தது. நாள்பட்ட வலிக்காரர்கள் கஞ்சாவைத் தேடிப் போவதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிற டாக்டர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்துக் கடை கைவிட்ட பிறகே அவர்கள் அங்கே போகிறார்கள்.

2025-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஜெர்மனியை மையமாக வைத்து, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 820 பேருக்கு, அளவு நிர்ணயித்த கஞ்சாச் சாற்றை 12 வாரம் கொடுத்தார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் வலி 1.9 குறைந்தது. வெற்று மருந்தைவிட அது 0.6 மட்டுமே அதிகம். தலைச்சுற்றல் போன்ற தொந்தரவால் பாதியில் விட்டவர்கள் கஞ்சாப் பக்கத்தில்தான் அதிகம். இதையும் பலர் வெற்றி என்று கொண்டாடினார்கள். எனக்கு அது கவனமான, சிறிய நற்செய்தியாகப் படுகிறது. இத்தனை பேரை வைத்து, இன்ன அளவென்று நிர்ணயித்துச் சோதித்தார்களே, அதற்கு அந்தக் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், வலிக்குக் கஞ்சாவைப் பொதுவாகப் பரிந்துரைக்கப் போதுமான தரமான சான்று இல்லை என்று 2021-இல் அறிவித்தது இப்படிப்பட்ட ஆய்வுகள் குறைவாக இருந்ததால்தான்.

கடைகளில் அதிகம் விற்பது கஞ்சாவின் இன்னொரு பொருளான, போதை தராத சிபிடி. அதன் கதை வருத்தமானது. டென்மார்க்கில் கை மூட்டு வலிக்காரர்கள் 136 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மெல்பர்னில் இடுப்பு வலியோடு அவசர சிகிச்சைக்கு வந்த 100 பேருக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். அங்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்து 2017-இல் வெளியிட்டபோது, லேபிளில் போட்ட அளவு உள்ளேயும் இருந்தவை நூற்றுக்கு 31 மட்டுமே. சித்தியின் குப்பியை மறுபடி வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தேன். மொத்தச் சாறு இத்தனை மில்லிகிராம் என்று இருந்தது. அதில் டிஎச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு என்று எந்த மூலையிலும் இல்லை. டோலோ அட்டையில் 650 என்று இருப்பதை ஒரு குழந்தைகூடப் படித்துவிடும்.

அளவு தெரியாதது இந்தச் செடியின் பழைய துயரம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஓஷாக்னசி 1839-இல் கஞ்சாவைப் பற்றி எழுதி ஐரோப்பிய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார். நம் நாட்டு வைத்தியர்களிடமும் நூல்களிலும் கேட்டறிந்து, விலங்குகளில் பார்த்து, பிறகு வாத நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதில் ஒருவருக்கு, கையைத் தூக்கி எப்படி வைத்தாலும் வைத்த நிலையிலேயே நிற்கும்படி ஆகிவிட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஒரு ஊர்ச் சரக்கு போல இன்னொரு ஊர்ச் சரக்கு இருப்பதில்லை, தண்ணீரில் கரைவதில்லை, ஊசியாகப் போட முடிவதில்லை. எடை குறித்த ஆஸ்பிரின் மாத்திரை வந்ததும் மருத்துவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சட்டம் பிறகு வந்து மிச்சத்தை முடித்தது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூக்கும் தலைகளைக் கஞ்சா என்று தடுத்து, தனியான இலையையும் விதையையும் விலக்கி வைத்தது. விஜயா எண்ணெய்கள் ஆயுஷ் உரிமத்தோடு நடமாடுவது இந்த இலை விலக்கின் வழியாகத்தான். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27-க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. வாக்களித்த நாடு ஆய்வுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். செடி நம்முடையது, வலிக்காரர்களும் நம்மவர்கள்.

ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்ஸ்ஃபோர்டில் 2013-இல் வெளியான ஒன்று. 12 ஆரோக்கியமான ஆண்களின் காலில் மிளகாயின் காரச் சத்தைக் களிம்பாகத் தடவி எரியவிட்டு, டிஎச்சி மாத்திரை கொடுத்து, மூளையைப் படம் எடுத்தார்கள். எரிச்சல் எவ்வளவு என்று கேட்டதற்குப் பெரிய மாற்றம் இல்லை. அது எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்று கேட்டதற்குக் குறைந்த எண்ணைச் சொன்னார்கள், அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். வலி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அது அவர்களை அரிக்கவில்லை. ‘வலி இருக்கு, ஆனா பரவாயில்லை’ என்று கஞ்சா எடுத்த நோயாளிகள் சொல்வதை ஏமாற்று என்று இனிமேல் நான் நினைக்க மாட்டேன். இதை ஆஸ்பிரினோடு ஒரே தராசில் வைக்கவும் முடியாது.

தீங்கு இரண்டு பக்கமும் உண்டு. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். டோலோ 650-இல் ஆறு மாத்திரை போட்டால் அந்த எல்லையில் நிற்கிறோம். சளி மாத்திரைக்குள்ளும் அதே பாராசிட்டமால் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிஞ்சினால் கல்லீரல் போகும். பிரிட்டனில் 1998-இல் சட்டம் போட்டு அட்டையின் அளவையே சுருக்கினார்கள். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை இரைப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் டெங்கு பரவும்போது காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபனோ போடவே கூடாது, ரத்தப்போக்கு கூடும். கஞ்சாவில், அபின் வகைபோல மூச்சை நிறுத்திவிடும் ஆபத்து மிகக் குறைவு, மூச்சை நடத்தும் மூளைப் பகுதியில் அதன் இருக்கைகள் சொற்பம் என்பதால். ஆனால் டிஎச்சி தலை சுற்ற வைக்கும், வயதானவர்களைக் கீழே விழ வைக்கும். சிலருக்கு மனநோயைக் கிளப்பும், பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரைப் பழக்கத்துக்கு அடிமையாக்கும். அதிக அளவு சிபிடி கல்லீரலைத் தாக்கும்.

சித்தி விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அவருக்கு இதய வால்வு மாற்றி ஒன்பது வருடம். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்ஃபரின் போடுகிறார். அதனால்தான் டைக்ளோஃபெனாக் பக்கம் போக முடியாமல் டோலோவோடு நின்றார். வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் அதே கல்லீரல் நொதியைச் சிபிடியும் டிஎச்சியும் மந்தப்படுத்தக் கூடியவை. ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போன நோயாளிகளைப் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. பாராசிட்டமாலும் தினமும் நிறையப் போட்டால் வார்ஃபரினைக் கூட்டும் என்பது படிக்கும்வரை எனக்கே தெரியாது. குப்பியோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் குப்பிக்காக இணைய வழியில் இரண்டு நிமிடம் பேசிச் சீட்டு எழுதியவர் வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை.

மாசியில் குப்பியையும் டோலோ அட்டையையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுச் சித்தியை அவருடைய இதய டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார். எண்ணெய் வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார். டோலோவை நாளைக்கு இரண்டுக்குக் குறைத்தார். அங்கிருந்து பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும், காலையில் 20, மாலையில் 20. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். முழங்கால் தேய்மானத்துக்கு எந்த மாத்திரைக்கும் குறையாத சான்று உள்ள வைத்தியம் இந்தப் பயிற்சி.

திண்ணையில் உட்கார்ந்து சித்தி இப்போது சத்தமாக எண்ணுகிறார். குப்பி சீல் உடையாமல் அலமாரியில் இருக்கிறது. போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, “அந்தக் கனடாக்காரங்க மருந்து வந்துடுச்சா?” என்று விசாரித்தார்.

“இன்னும் மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலை சித்தி.”

“வந்தா மறக்காம சொல்லு” என்றார்.